வாளின் குலமும் கோத்திரமும்

பெங்களூரில் பிரேசர் டவுன் என்னும் பகுதிக்குப் புலிகேசி நகர் என்று மற்றொரு பெயரும் உண்டு. 1898-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர், நெருக்கமில்லாத வீதிகளோடு அமைக்கப்பட்ட இப்பேட்டை, மைசூர் ரெசிடெண்டாக இருந்த பிரேசர் துரையின் பெயரை முதலில் தாங்கியது. பிற்காலத்தில் சாளுக்கிய வேந்தனின் பெயரைப் பெற்றது. அந்தப் புலிகேசியின் வாதாபியை வென்ற பல்லவனின் தொண்டை நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல, இங்கே மூன்று தலைமுறைகளாக அமைதியோடு வாழ்ந்து வருகின்றன. பழைய பகைமைகள் பெயர்ப்பலகைகளில் மட்டுமே எஞ்சி நிற்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றின் பூசையறையில் ஒரு பழைய வாள் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை ஆயுத பூசையன்று அதனை வெளியே எடுத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைப்பார்கள். "இது திப்பு சுல்தான் படையிலே இருந்த வாள்" என்று வீட்டுப் பெரியவர் சொல்லுவார். சென்ற பூசைக்கு நான் சென்றிருந்தபோது அவ்வாளைப் பற்றி ஒரு வழக்கே நடந்துகொண்டிருந்தது. "தாத்தா, பட்டறையிலே கொடுத்துச் சாணை பிடித்துப் பளபளப்பாக்கி விடலாம், திப்புவின் வாள் என்றால் நல்ல விலைக்கும் போகும்" என்றான் பேரன். "துருப்பிடித்த இரும்பு வீட்டுக்கு ஆகாது, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுங்கள்" என்றார் மருமகள். பெரியவர் என்னை நோக்கி, "நீங்கள் படித்தவர்கள், நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

மொழிபெயர்ப்பாளனுக்குச் சொற்களைத் தெரியும், வாட்களைத் தெரியாது. ஆயினும் ஒரு பொருளுக்கு உரிய பெயர் எது என்று தேடுவதே என் தொழிலாகையால், அன்றைய கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு வாளைக் கண்டால் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று அறிவது எவ்வாறு? அந்த அறிவைத் திரட்டியவர்கள் யார்? நான் அறிந்துகொண்டவற்றை நேயர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

பெயரைக் கொண்டு இனம் பிரித்துவிடலாம் என்று முதலில் தோன்றும். அது ஏமாற்றும் வழி. தல்வார் என்று வடநாட்டார் வழங்கும் சொல்லுக்கு வாள் என்பதே பொருள். பிரங்கி என்பது பரங்கி நாட்டிலிருந்து வந்தது என்பதை மட்டுமே தெரிவிக்கும். நம்முடைய திவாகர நிகண்டு, செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி என்று ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் நிகண்டு ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டுவது. ஒரு பெயருக்குள் அடங்கிய பல உருவங்களைப் பிரிப்பது அன்று. ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு உருவத்தையே அளந்து பார்க்க வேண்டியதாகிறது.

இம்முறையை விரிவாக வளர்த்தவர்கள் ஐரோப்பிய அறிஞர்கள். நார்வே நாட்டவரான யான் பெட்டர்சன், தம் நாட்டுக் கல்லறைகளில் கிடைத்த வைக்கிங் வாட்களை ஆராய்ந்து, பிடியின் அமைப்பைக் கொண்டு அவற்றை எழுத்துகளால் குறித்த பல வகைகளாக 1919-இல் பிரித்தார். 1927-இல் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேயர் அந்த வகைகளை ஏழாகச் சுருக்கினார். இவ்வீலரை நாம் வேறொரு வகையில் அறிவோம். இந்தியத் தொல்பொருள் இலாக்காவின் தலைவராக வந்து, 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டையும், 1947-இல் கன்னட நாட்டுப் பிரம்மகிரியையும் அகழ்ந்தவர் அவரே. வாள்பிடிகளைத் தரம் பிரித்த அதே கண்தான் அரிக்கமேட்டுப் பானை ஓடுகளையும் தரம் பிரித்தது.

வைக்கிங்குகளுக்குப் பிற்பட்ட வாட்களை முறைப்படுத்தியவர் எவர்ட் ஓக்ஷாட். இவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டு, வாட்களின்மீது இளமை முதலே கொண்ட பற்றினால் அவற்றைச் சேகரித்தும் வரைந்தும் கற்றவர். 1916-இல் பிறந்து 2002-இல் மறைந்த இவர், வீலரின் ஏழு வகைகளுக்குப் பின் எட்டு, ஒன்பது என இரண்டை இடைநிலை வகைகளாகச் சேர்த்து, பத்து முதல் இருபத்திரண்டு வரை பதின்மூன்று புதிய வகைகளை வகுத்தார். உலகெங்கும் வாள் அன்பர்கள் இன்றும் அவ்வெண்களாலேயே பேசிக்கொள்கிறார்கள்.

ஓக்ஷாட் கண்ட அளவுகோல்கள் எளியவை. அலகு நுனிவரை ஒரே அகலமாகச் செல்கிறதா, படிப்படியாகக் குறுகுகிறதா? அலகின் நடுவே ஓடும் வரிப்பள்ளம் எவ்வளவு நீளம்? அலகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது தட்டையாக இருக்குமா, நடுமுதுகு புடைத்துச் சாய்சதுரமாக இருக்குமா? பிடி ஒரு கைக்கு உரியதா, இரு கைக்கு உரியதா? இவ்வளவே. இந்த வேறுபாடுகள் கொல்லனின் மனம் போனபடி வந்தவை அல்ல. போர்வீரர் இரும்பு வளையங்களைக் கோத்த சட்டையை அணிந்த காலத்தில், அகன்று தட்டையான வாளால் ஓங்கி வெட்டுவது பயன் தந்தது. பத்தாம் வகை அத்தகையது. பின்னர் உடல் முழுவதையும் இரும்புத் தகடுகளால் மூடத் தொடங்கினார்கள், வெட்டு வழுக்கிவிட்டது. தகடுகளின் இடுக்கில் குத்துவதற்கு விறைப்பும் கூர்நுனியும் வேண்டியிருந்தன. முதுகு புடைத்த பதினைந்தாம் வகை அவ்வாறு பிறந்தது. பூட்டு மாறச் சாவியும் மாறியது போலத்தான் இதுவும்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். இலண்டனில் இருந்த இந்தியப் பொருட்காட்சிசாலையின் ஆயுதங்களைக் கொண்டு எகர்ட்டன் என்பவர் 1880-இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். புதுடெல்லித் தேசியப் பொருட்காட்சிசாலையில் பணியாற்றிய ஜி. என். பந்த், 1978 முதல் தாம் வெளியிட்ட தொகுதிகளில், பிடிகளை டெல்லிஷாஹி, உதய்ப்பூரி என்றாற்போல வட்டாரப் பெயர்களால் பிரித்துக் காட்டினார். தென்னாட்டு ஆயுதங்களையும் அவற்றின் வழிபாட்டையும் இணைத்து ராபர்ட் எல்குட் 2004-இல் விரிவான நூல் எழுதினார்.

ஐரோப்பிய முறையை அப்படியே இங்கே பொருத்த இயலாது. அலகுக்கும் பிடிக்கும் நம் நாட்டில் தனித்தனிச் சரித்திரம் உண்டு. போர்ச்சுகீசியர் வந்தபின் ஐரோப்பிய அலகுகள் கப்பல் கப்பலாக இறங்கின. தக்காணத்துக் கொல்லர்கள் அவற்றுக்கு நம் நாட்டுப் பிடிகளைப் பூட்டினார்கள். புகழ்பெற்ற ஐரோப்பியப் பட்டறைகளின் முத்திரைகளை இங்கே செய்த அலகுகளிலும் பொறித்தார்கள். பாட்டனின் அலகுக்குப் பேரன் புதுப்பிடி போடுவதும் வழக்கமாயிருந்தது. ஆகவே ஒரே வாளில் இரண்டு நாடுகளும் இரண்டு நூற்றாண்டுகளும் கூடியிருக்கக் கூடும். அலகைத் தனியாகவும் பிடியைத் தனியாகவும் வகுத்த பின்னரே வாளைப் பற்றிப் பேச வேண்டும்.

அலகின் உலோகமும் ஒரு சாட்சியே. மண்மூசைகளில் உருக்கிச் செய்த தென்னாட்டு எஃகு, ஊட்ஸ் என்னும் பெயரால் உலகப் புகழ் பெற்றது. அப்பெயர் கன்னடத்து உக்கு என்னும் சொல்லின் திரிபு எனக் கருதப்படுகிறது. மைக்கேல் பாரடே போன்ற விஞ்ஞானியும் அதனை ஆராய்ந்திருக்கிறார். பெங்களூரைச் சேர்ந்த அறிஞர்களான சாரதா சீனிவாசனும் எஸ். ரங்கநாதனும் அதனைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார்கள். அவ்வெஃகில் அடித்த அலகின் மேற்பரப்பில் நீரோட்டம் போன்ற வரிகள் தோன்றும். சாணைக்கல் படும்போது முதலில் மறைவது அந்த வரிகளே.

உருவங்களின் காலத்தை அறிய நமக்கு வேறொரு துணையும் உண்டு. அவைதாம் நடுகற்கள். தமிழ்நாட்டில் செங்கம் முதலிய இடங்களில் உள்ள கற்களில், இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் ஏந்திய வீரர்களைக் காணலாம். பல கற்களில் அரசனின் ஆட்சியாண்டும் பொறிக்கப்பட்டிருப்பதால், அந்த வாளின் வடிவத்துக்கும் ஒரு காலம் கிடைக்கிறது. பெங்களூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த பேகூர்க் கல்லில் ஒரு போர்க்களமே விரிகிறது. ஆயினும் எச்சரிக்கை வேண்டும். அங்கே சேர்ந்த மற்றொரு கல்லான ஆதகூர்க் கல்வெட்டு, 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் கங்கன் பூதுகனால் வீழ்ந்ததைச் சொல்லுகிறது. ஆனால் அக்கல்லின் சிற்பத்தில் வாள் இல்லை; ஒரு வேட்டை நாயும் காட்டுப் பன்றியும் பொருவதே உள்ளது. கல்லில் என்ன இருக்கிறது என்று நேரில் பாராமல் முடிவு சொல்லலாகாது.

அவ்வாறு நேரில் சென்று பார்ப்பவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். 2017-இல், வேறு தொழில்களில் இருக்கும் அன்பர்கள் சிலர் சேர்ந்து, நகரின் கல்வெட்டுகளைத் தேடிப் பாதுகாக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். சாக்கடை ஓரத்திலும் வீடு கட்டும் மனையிலும் கிடந்த கற்களை அவர்கள் மீட்டார்கள். 2018-இல் ஹெப்பாளத்தில் கண்டறியப்பட்ட கிட்டய்யன் என்னும் வீரனின் கல், ஏறத்தாழ கி.பி. 750-ஐச் சேர்ந்தது. 1909-இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டி, இத்தகைய கற்களை முப்பரிமாணப் படங்களாகப் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டது. ஓக்ஷாட்டைப் போலவே இவர்களையும் இயக்குவது ஊதியமன்று, பற்று.

பற்று இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தஞ்சாவூரே சாட்சி. 1855-இல் கடைசி மராத்திய மன்னர் வாரிசின்றி இறந்தபின், கம்பெனியார் அரசை எடுத்துக்கொண்டனர். அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாட்களும் ஈட்டிகளும் கட்டாரிகளும் 1860-களில் கலைக்கப்பட்டன. ஒரு பகுதி சென்னைப் பொருட்காட்சிசாலைக்கு வந்து பிழைத்தது. பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அந்த இழப்பை வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1878-இல் வருத்தத்தோடு எழுதி வைத்தார். உடைத்தவர்களுக்கு அவை அனைத்தும் இரும்பு என்ற ஒரே வகையாகத் தோன்றின.

மறுவாரம் பிரேசர் டவுனுக்கு மீண்டும் சென்றேன். பேரனையே அளவு நாடா பிடிக்கச் சொன்னோம். அலகு நேரானது, இருபுறமும் ஆழமற்ற பள்ளங்கள் இரண்டு. பிடியை ஒட்டிப் பற்களையுடைய இரு பிறைகள் எதிரெதிராகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஜெனோவா நகரத்து முத்திரை என்று இதனைக் கூறுவார்கள். ஐரோப்பியரும் இந்தியரும் இதனைப் பலமுறை பார்த்துப் பொறித்தார்கள். பிடியோ தென்னாட்டுப் பிடி. விரல்களைக் காக்கும் வளைவும், குமிழின் மேலே நீண்ட முளையும், அலகை இருபுறமும் தழுவிப் பிடிக்கும் தகடுகளும் அதில் உள்ளன. திப்புவின் ஆயுதங்களுக்கு அடையாளமான புலிவரி எங்கும் இல்லை.

ஆகவே பெரியவரிடம் இவ்வாறு சொன்னேன்: "ஐயா, அலகு பரங்கி நாட்டதாகவோ அதனைப் பார்த்து இங்கே செய்ததாகவோ இருக்கலாம். பிடி நம் பக்கத்தது. திப்பு படையில் ஒரு வீரன் இதனை ஏந்தியிருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஏந்தினான் என்று வாள் சொல்லவில்லை."

அவர் முகம் சற்று வாடியது. 2023-இல் திப்புவின் படுக்கையறை வாள் இலண்டன் ஏலத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுனுக்குப் போனது என்பதைப் பேரன் படித்திருந்தான்; அவன் முகமும் வாடியது. ஆனால் சிறிது நேரத்திற்குப் பின் அவனே, "அப்படியானால் கடல் கடந்து வந்தவரும் இங்கேயே இருந்தவரும் சேர்ந்த வாள் இது. நம் வீட்டைப் போல" என்றான். பெரியவர் சிரித்துவிட்டார்.

இத்தகைய பொருள் உங்கள் இல்லத்தில் இருந்தால் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். புளி, எலுமிச்சை, மணல், அமிலம், சாணை ஆகிய எதனையும் அலகின்மேல் படவிடாதீர்கள். விரல் வியர்வையே துருவை உண்டாக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசினால் போதும். சந்தன குங்குமத்தை உறைக்கோ அடியிலுள்ள பலகைக்கோ இடலாம். நீளம், அகலம், எடை, முத்திரை ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். குடும்பத்தார் சொல்லும் கதையையும் எழுதுங்கள். ஆனால் தனித்தாளில் எழுதுங்கள். நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது என்பதையும் மறவாதீர்கள்.

பிரேசர் டவுன் வீட்டில் இப்பொழுது வாளின் அருகே இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் பேரன் எழுதிய அளவுகள். மற்றொன்றில் பெரியவர் சொல்லச் சொல்ல மருமகள் எழுதிய கதை.