படியும் பாதையும்: நகரியிலிருந்து திருமலை வரை

எங்கள் ஊர் நகரி. அரக்கோணத்தில் இருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் திருத்தணி தாண்டி, புத்தூர் வருவதற்கு முன்னால் வரும். ஊரைச் சுற்றி மலைகள். அவற்றில் ஒன்று மல்லாந்து படுத்திருக்கும் மனிதனின் மூக்கு மாதிரியே இருக்கும். 'நகரி மூக்கு' என்று அதற்குப் பெயர். சுமார் 2,800 அடி உயரம். அந்தக் காலத்தில் வங்கக் கடலில் வரும் மாலுமிகளுக்கு இது ஓர் அடையாளமாக இருந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி, படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஆக, மும்பைக்கு வருவதற்கு முன்பே நான் 'வெளிமாநிலத் தமிழன்'தான்!

எல்லைக்கோடு மாறினாலும் நடைபாதை மாறவில்லை. புரட்டாசி வந்தால் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சென்னைப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு நடந்து வருகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். எங்கள் ஆயா திண்ணையில் நீர்மோர்ப் பானையை வைத்துவிட்டு, தானும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மலை ஏறுவார். என்னையும் கூட்டிப்போவார். "மேலே பாக்காதேடா, மலைச்சுப் போவே. அடுத்த படிய மட்டும் பாரு" என்பார்.

நகரங்களில் நடப்பதற்கென்றே பாதை வேண்டும், பூங்காக்களையும் குன்றுகளையும் ஏரிக்கரைகளையும் இணைக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். சிங்கப்பூரில் பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பல லட்சம் கால்கள் மிதித்தும் நிற்கிற ஒரு மலைப்பாதை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அது எப்படி நிற்கிறது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வழிகள்

கீழ்த்திருப்பதியில் இருந்து திருமலைக்கு நடந்து ஏற இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று அலிபிரி வழி: சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். மற்றொன்று சந்திரகிரிக்கு அருகே சீனிவாச மங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு: சுமார் 2.1 கிலோமீட்டர், 2,388 படிகள். முன்னது நீளம், பின்னது செங்குத்து. 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை நடந்து போவார்கள், அல்லது டோலியில் போவார்கள். வேறு வழி கிடையாது. சாலை வந்த பிறகும் நடைபாதை சாகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். எத்தனையோ ஊர்களில் பஸ் வந்ததும் ஒற்றையடிப் பாதை செத்துப்போனது.

படியின் கணக்கு

17ஆம் நூற்றாண்டில் பிளாண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒரு கணக்குச் சொன்னார். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் ஒரு சராசரி எட்டு வைப்பின் நீளம், அதாவது ஏறக்குறைய 25 அங்குலம் வர வேண்டும். 6 அங்குல உயரப் படிக்கு 12 அல்லது 13 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தப்பினால் முழங்கால் உடனே சொல்லிவிடும்.

அலிபிரி வழியில் ஏற வேண்டிய உயரம் 2,000 அடிக்கு மேல். படி ஒன்றுக்கு 6 அங்குலம் என்று போட்டால் 3,550 படிகளுக்கு 1,775 அடிதான் வருகிறது. மீதி எங்கே? நடுவில் சரிவாக, சமமாக வரும் நீண்ட பாதைகளில் இருக்கிறது. காலி கோபுரம் வரை மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். அதற்குப் பிறகு மெதுநடை. கடைசியில் 'முழங்கால் முறிச்சான்' என்ற செங்குத்து. (காலி என்றால் தெலுங்கில் காற்று, அங்கே நின்றால் பெயருக்குக் காரணம் தெரியும்.) உழைப்பு, ஓய்வு, மறுபடி உழைப்பு. ஆயாவின் அறுபது வயதுக் கால்கள் ஏறியதற்கு பக்தி பாதிக் காரணம் என்றால், இந்த அமைப்பு மீதிப் பாதி என்பேன்.

தண்ணீர்தான் முதல் எதிரி

ஒரு பாதையைக் கெடுப்பது கால்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் கெடுப்பது தண்ணீர். மலைச்சரிவில் நேர்கீழாக ஒரு பாதை போட்டால் முதல் மழையிலேயே அது ஓடையாகிவிடும். மண் அரித்து, கல் பெயர்ந்து, நடக்கிறவர்கள் பள்ளத்தைத் தவிர்த்து ஓரமாக நடப்பார்கள். பாதை அகலமாகும், செடிகள் சாகும், மேலும் அரிக்கும். அதனால்தான் நல்ல பாதை மலையைக் குறுக்காக வளைத்துப் போகும். பத்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். பாதையின் வெளிப்பக்கத்தைச் சற்றே சாய்த்து, விழுந்த தண்ணீர் அங்கேயே வழிந்துபோகச் செய்வார்கள். செங்குத்தாகத்தான் போக வேண்டும் என்றால் கல்படி கட்டி, பக்கவாட்டில் வடிகால் விட வேண்டும்.

திருமலையின் பாறை கெட்டியானது. புவியியலார் அதற்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்து 'நகரி குவார்ட்சைட்' என்கிறார்கள். சுமார் 160 கோடி ஆண்டு வயது! அப்படிப்பட்ட பாறையும் வெடிப்புகளில் நீர் புகுந்தால் உருண்டு வரும். 2021 நவம்பர் பெருமழையில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை பலத்த சேதமடைந்து மூடப்பட்டது. பழுதுபார்த்து 2022 மே மாதம்தான் திறந்தார்கள். பாதை போடுவது ஒரு நாள் வேலை, பராமரிப்பது தலைமுறை வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிறுத்தையும் சோற்றுப் பொட்டலமும்

இனிச் சொல்வது மனதை உறுத்தும் பகுதி. 2023 ஜூனில் அலிபிரிப் பாதையில் ஒரு சின்னப் பையனைச் சிறுத்தை கவ்வியது, பிழைத்துக்கொண்டான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பலியானாள். பெற்றோரோடு சாமி கும்பிடப் போன குழந்தை! அதன்பின் தேவஸ்தானம் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு மேல் அனுமதி இல்லை என்றது. நடப்பவர்கள் கையில் தடி கொடுத்தது. கூண்டு வைத்துச் சில சிறுத்தைகளைப் பிடித்தார்கள்.

ஆனால் சிறுத்தை பாதைக்கு ஏன் வருகிறது? இந்தப் பாதை சேஷாசலக் காட்டுக்குள், 1989இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவை ஒட்டிப் போகிறது. நாம் போடும் மிச்சச் சோற்றுக்கு நாய், பன்றி வரும். நாம் நீட்டும் வெள்ளரிக்காய்க்கு மான் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். மும்பையில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. 2004இல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி அடுத்தடுத்துப் பலர் பலியானதை மறந்திருக்க மாட்டோம். குப்பையை அகற்று, நாய்கள் பெருகாமல் பார், இருட்டிய பின் குழந்தையைத் தனியே விடாதே என்ற பாடத்தை இங்கே கற்றோம். காட்டுப்பாதையில் குப்பைத் தொட்டியும் வேலியைப் போல ஒரு பாதுகாப்புச் சாதனம்தான்.

யார் பார்த்துக்கொள்வது?

திருமலைப் பாதை நிற்பதற்கு முக்கியக் காரணம், அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பது. தேவஸ்தானத்துக்குப் பொறியியல் பிரிவும் வனப் பிரிவும் உண்டு. கூரை, குடிநீர், கழிப்பறை, விளக்கு, மருத்துவ உதவி எல்லாம் வழியிலேயே கிடைக்கும். மூட்டையைக் கீழே கொடுத்தால் மேலே வாங்கிக்கொள்ளலாம். 2021இல் பாதையைச் சில மாதங்கள் மூடி, நன்கொடையில் கூரையைப் புதுப்பித்து அக்டோபரில் திறந்தார்கள். இன்னொரு காரணம் மக்கள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படியையும் குனிந்து பார்க்கிற ஆய்வாளர் எந்த நகராட்சியில் இருக்கிறார், சொல்லுங்கள்!

நம் முன்னோர் இதை அறிந்தவர்கள். சுமைதாங்கிக் கல், சத்திரம், தண்ணீர்ப் பந்தல், சாலையோரப் புளியமரம் — இவையெல்லாம் நடப்பவருக்காகச் செய்தவை. பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நட்டார்கள். ஒரு வீட்டின் துக்கம் ஊருக்கே ஓய்விடம் ஆனது.

எங்கள் ஊர்ப் பாதை

சில வருஷங்களுக்கு முன் என் மகனைக் கூட்டிக்கொண்டு நகரிக்குப் போனேன். சின்ன வயதில் மாடு மேய்ப்பவர்களோடு நாங்கள் ஏறிப்போகும் ஒரு சுனைப் பாதையைக் காட்ட ஆசை. ஊர்க்கோடி வரை போனோம். அதற்குமேல் உன்னிச்செடியும் சீமைக்கருவேலமும்தான். "எங்கப்பா பாதை?" என்றான். காட்ட முடியவில்லை. யாரும் அதை அழிக்கவில்லை, வேலி போடவில்லை. மாடு போயிற்று, விறகு போயிற்று, நாங்களும் போனோம். நடக்க ஆளில்லாத பாதையைச் செடி இரண்டே மழையில் எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்வரை இருவரும் பேசவில்லை.

மூக்குமலைக்குக் கூரையும் விளக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வனத்துறை அனுமதியோடு ஒரே ஒரு பாதை, மலையைக் குறுக்காக வளைத்து. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஊர்ப் பிள்ளைகள் முள் வெட்டி வடிகால் தோண்டினால் போதும். அவர்களுக்குக் கூலியும் வழிகாட்டி வேலையும் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2024இல் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, பக்கத்துக் கிராமத்தாரையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர்கள் போன பிறகு, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் மலை ஏறக்கூடாது என்று நாம் கற்றுக்கொண்ட பாடம் இது.

விடுமுறைக்கு ஊர் போகும் அன்பர்களே, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் "அந்தக் காலத்துல எந்த வழியா நடந்தீங்க?" என்று கேளுங்கள். அவரோடு போக முடிந்த தூரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். அந்த வழி தெரிந்தவர்கள் இப்போதே குறைவு.