பாட்டு இருக்கிறது... வரிசை எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் ஒரு காலத்தில் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, வீட்டிலுள்ள பழைய கேசட், சிடிக்களை எம்பி3 ஃபைல்களாக மாற்றுவது. நானும் செய்தேன். சாஃப்ட்வேர் என்ஜினியராக இருந்தும் ஒரு சின்ன விஷயத்தில் கோட்டை விட்டேன். உங்களுக்கும் அது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு புழலில். அப்பா எண்ணூரில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நைட் ஷிப்ட் முடித்து வந்ததும் அவர் போடும் கேசட், 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?'. இது சினிமாப் பாட்டு அல்ல, வாத்திய இசை. கர்நாடக ராகங்களையும் ஐரோப்பிய இசையையும் இணைத்து, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசை மேதை பாக்குக்கும் சமர்ப்பித்த ஆல்பம். பாக் இறந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்ததே 1767-இல். நேரில் சந்தித்திருக்கவே முடியாத இருவரை ஒன்றாக வரவழைத்த, டைம் மெஷின் கதை போன்ற கற்பனை இது.

இப்படி ஒரே கருத்தைச் சுற்றி அமையும் தொகுப்பைக் 'கான்செப்ட் ஆல்பம்' என்பார்கள். கனடாவின் 'ரஷ்' என்ற ராக் குழு 1976-இல் வெளியிட்ட '2112' இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், சுமார் 20 நிமிடங்களுக்கு, ஒரே விஞ்ஞானக் கதை. 2112-ஆம் ஆண்டில் பூசாரிகள் கம்ப்யூட்டர்களை வைத்து எல்லாவற்றையும் ஆட்டிப் படைக்கிறார்கள். ஒருவன் பழைய கிடார் ஒன்றைக் கண்டெடுத்து அவர்களிடம் காட்ட, அவர்கள் அதை நிராகரிக்கிறார்கள். கிடார் கிடைக்கும் பகுதி முதலில், காட்டும் பகுதி அடுத்து. இதை மாற்றிப் போட்டால் கதையே இல்லை.

எங்கள் கேசட் இரைச்சல் போடத் தொடங்கியதும், 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேரில் ரெக்கார்ட் செய்தேன். கேசட் உறை எப்போதோ தொலைந்துவிட்டது. அப்பா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, நான் டைப் செய்து தனித்தனி ஃபைல்களாக வெட்டினேன். முழு ரெக்கார்டிங்கை உடனே அழித்தும்விட்டேன். மறுநாள் கேசட் நாடா அறுந்தது.

அன்று மாலை கேட்டுக்கொண்டிருந்த அப்பா திடீரென்று, "என்னப்பா இது, பேசி முடிச்ச பிறகுதான் பாக் வீட்டுக்கே வர்றாரா?" என்றார். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்றால் பாக்கை என் வீட்டில் சந்தித்தேன். அடுத்தது 'அண்ட் வீ ஹாட் எ டாக்'. அதாவது, பிறகு பேசிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் ஆங்கில அகர வரிசைப்படி ஏ எழுத்தில் தொடங்குவதை முன்னால் கொண்டுபோய், ஐ எழுத்தைப் பின்னால் தள்ளிவிட்டது. ஒரு பாட்டும் காணாமல் போகவில்லை. அதனால் தவறு எனக்குத் தெரியவே இல்லை. அப்பா நினைவிலிருந்து வரிசை சொல்ல, உட்கார்ந்து எண் போட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஃபைலைத் தேர்வு செய்து எஃப்2 கீயை அழுத்தி, பெயருக்கு முன்னால் 01, 02 என எண் சேருங்கள். வெறும் 1, 2 போதாது. சில கார் ஸ்டீரியோக்கள் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதால் 1-க்கு அடுத்து 10 வந்துவிடும்.

2. விண்டோஸில் எம்பி3 ஃபைலை ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போங்கள். '#' என்ற இடத்தில் பாடல் எண்ணைக் கொடுங்கள். பல ப்ளேயர்கள் இதையும் பார்க்கும்.

3. ப்ளேயரில் 'ஷஃபில்' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் எண் போட்டும் பயனில்லை.

4. வெட்டாத முழு ரெக்கார்டிங்கை வேறொரு டிரைவில் காப்பி செய்து வையுங்கள். அந்தப் பாட்டை நன்றாக அறிந்தவர் ஒருமுறை முழுவதும் கேட்டுச் சரி என்று சொல்லும் வரை அழிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல அப்பா இருந்தார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும்போதே அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.