கிச்சன் சீலிங் லைட் போயிடுச்சா? புது எல்இடி வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரி பத்திப் பேசுற இடத்துல பல்புக்கு என்ன வேலைன்னு நினைக்கலாம். வேலை இருக்கு. ஃபால்ஸ் சீலிங் போட்ட கிச்சனில் ஒரு லைட் போனால், எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு, "ஒண்ணு மட்டும் மாத்தினா கலர் சேராது சார், மொத்தமா மாத்திடுங்க"ன்னு சொல்வார். ஆறு லைட், அதுக்குக் கூலின்னு சேர்த்தா மூவாயிரம் ரூபாய் ஈஸியா போயிடும். விராலிமலையில் வேலை பார்த்துக்கிட்டு, புதுக்கோட்டை டவுனில் வாடகை கொடுக்கிற ஒருத்தருக்கு அது ஒரு மாச எஸ்ஐபி பணம்.

"எல்இடி தானே, கரண்ட் பில்லில் எடுத்துடலாம்"னு மனசைத் தேத்திக்கிறோம். அந்தக் கணக்கு உண்மையிலேயே வருதான்னு இன்னைக்குப் பார்த்துடலாம். சீலிங்குக்குள் புதைஞ்சிருக்கிற லைட்டில், விலையையும் வாட்ஸையும் விட சூடும் மாத்துற கூலியும்தான் உங்க செலவைத் தீர்மானிக்கும்.

முதலில், மேலே இருக்கிறது என்ன லைட்?

கடைக்குப் போகும் முன் மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒரு லைட்டை மட்டும் இறக்கிப் பாருங்க. பயமா இருந்தா எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்க. பொதுவா இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. குடுவை மாதிரி ஒரு கேன், உள்ளே சாதாரண பின் ஹோல்டர். இதுதான் ரொம்ப சுலபம். பல்பை நீங்களே மாத்திடலாம், கூலியே கிடையாது.

2. ரெண்டு மெல்லிய ஊசி உள்ள சின்ன ஹாலஜன், அதாவது எம்ஆர்16. இது 12 வோல்ட்டில் ஓடும். மேலே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் 50 வாட்ஸ் ஹாலஜனுக்காகச் செய்தது. அதில் 5 வாட்ஸ் எல்இடி போட்டால் லோடு பத்தாமல் மினுக்கலாம். அப்போ பல்பைத் திட்டாதீங்க. எல்இடிக்கான டிரைவரை மாத்தணும், இல்லைன்னா 230 வோல்ட்டில் நேரா ஓடும் ஜியு10 ஹோல்டருக்கு எலக்ட்ரீஷியனை வைத்து மாத்தணும்.

3. பிஎல் டைப் சிஎஃப்எல். இதுக்குத் தனியா ஒரு சோக் இருக்கும். கழட்டும்போது உடைச்சிடாதீங்க, உள்ளே பாதரசம் இருக்கு.

4. தட்டையான எல்இடி பேனல். பல்பும் ஃபிட்டிங்கும் ஒண்ணு. ஆனா டிரைவர் தனி டப்பாவாக, ஒரு சின்ன கனெக்டரில் மாட்டியிருக்கும்.

5. கான்கிரீட் ரூஃபிலேயே ஜங்ஷன் பாக்ஸுக்குள் உட்கார வைக்கிற டீப் ஜங்ஷன் லைட். ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீடுகளில் இதுதான்.

நாலாவது டைப் வைத்திருப்பவங்க கவனிங்க. பேனல் போயிடுச்சுன்னு தூக்கிப் போடுற பல நேரம், போனது டிரைவர் மட்டும்தான். பக்கத்து லைட்டின் டிரைவரை இதில் மாட்டிப் பார்த்தால் தெரிஞ்சிடும். எரிந்தால் டிரைவரை மட்டும் வாங்கினால் போதும். பழைய டிரைவர் மேல் அச்சடித்திருக்கும் அவுட்புட் மில்லி ஆம்பியர், வோல்ட் அளவு ரெண்டும் புதுசிலும் ஒத்துப்போகணும். மில்லி ஆம்பியர் அதிகமா உள்ளதைப் போட்டால் வெளிச்சம் கூடும், பேனல் சீக்கிரம் கருகும்.

மாத்தினா எவ்வளவு மிச்சம்?

கிச்சனில் 4 லைட், தினமும் 5 மணி நேரம்னு வைத்துக்குவோம். நம்ம ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அப்போ ஒரு பில்லுக்கு 300 மணி நேரம். யூனிட் ரூ.4.50 என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

ஹாலஜன் 50 வாட்ஸ் நாலு: 60 யூனிட். அதே இடத்தில் 6 வாட்ஸ் எல்இடி நாலு: 7.2 யூனிட். மிச்சம் கிட்டத்தட்ட 53 யூனிட், ஒரு பில்லுக்கு ரூ.238. ஒரு வருஷத்துக்குள்ளேயே போட்ட காசு திரும்பிடும். யோசிக்காம மாத்துங்க.

சிஎஃப்எல் 18 வாட்ஸ் நாலு: 21.6 யூனிட். 10 வாட்ஸ் எல்இடி நாலு: 12 யூனிட். மிச்சம் 9.6 யூனிட், பில்லுக்கு ரூ.43, வருஷத்துக்கு ரூ.260. போகும்போது மாத்தினால் போதும், அவசரம் இல்லை.

பழைய 12 வாட்ஸ் எல்இடியை எடுத்துட்டுப் புது 10 வாட்ஸ் எல்இடி: மிச்சம் 2.4 யூனிட், பில்லுக்கு 10 ரூபாய் 80 பைசா. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 65 ரூபாய். இதுக்காக மூவாயிரம் போட்டால், அந்தக் காசு திரும்பி வர 46 வருஷம் ஆகும்!

அதனால எரியுற எல்இடியைக் கழட்டாதீங்க. "கலர் சேராது" என்பது நியாயமான பிரச்சினைதான். அதுக்கு மலிவான வழி இருக்கு. ரெண்டு புது லைட் வாங்கி அடுப்பு, மேடை பக்கம் ஜோடியா போடுங்க. அங்கே கழட்டின நல்ல லைட்டைப் போன இடத்துக்கு மாத்துங்க. மிச்சம் ஒண்ணு ஸ்பேரா பரணில் இருக்கட்டும்.

500 யூனிட் கோடு

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் ஸ்லாப் முறை. 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை உதாரணமா எடுத்துக்குவோம். முதல் 100 யூனிட் இலவசம். ரெண்டு மாசப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. ஆனால் 500-ஐத் தாண்டிட்டா அந்த ரூ.2.25 சலுகை போயிடும். 101-லிருந்தே ரூ.4.50, 500-க்கு மேல் ரூ.8.

இப்போ பாருங்க. 500 யூனிட்டுக்கு பில் ரூ.1,725. 501 யூனிட்டுக்கு ரூ.1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

கிச்சனில் ஹாலஜன் எரிகிற வீட்டில் 540 யூனிட் ஓடுதுன்னா பில் ரூ.2,270. ஹாலஜனை மாத்தி 53 யூனிட் குறைந்தால் 487 யூனிட், பில் ரூ.1,647. மிச்சம் ரூ.623. மேலே பார்த்த அதே மாற்றம்தான், ஆனால் லாபம் ரெண்டரை மடங்கு. கட்டணம் அதுக்குப் பிறகு மாறியிருக்கு, அதனால உங்க பில்லில் இருக்கிற ரேட்டைப் போட்டுப் பாருங்க. ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்கினால் ஸ்லாப் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அவர் வாங்குற ரேட்டால் பெருக்குங்க.

25,000 மணி நேரம் எங்கே போச்சு?

அட்டைப்பெட்டியில் 25,000 மணி நேரம்னு போட்டிருப்பாங்க. தினம் 5 மணி நேரம் எரிந்தால் 13 வருஷத்துக்கு மேல் வரணும். நம்ம வீட்டில் ரெண்டு வருஷத்தில் கண் சிமிட்ட ஆரம்பிக்குது. ஏன்?

குண்டு பல்பு சூட்டை வெளிச்சத்தோடு சேர்த்து முன்னால் அனுப்பிடும். எல்இடியின் சூடு பின்பக்கம் இறங்கும். அந்தப் பின்பக்கம்தான் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளே, காத்தோட்டமே இல்லாத இடத்தில் இருக்கு. அதுக்கு மேலே பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டை மாடி கான்கிரீட். கீழே அடுப்பு. புதுக்கோட்டை மே மாச வெயிலை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டிரைவருக்குள் இருக்கிற கெப்பாசிட்டர், சூடு 10 டிகிரி ஏறினால் பாதி ஆயுளை இழக்கும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பொதுவான கணக்கு.

அதனால கேன் டைப் ஃபிட்டிங்கில் 15 வாட்ஸ் பல்பைத் திணிக்காதீங்க. 7 அல்லது 9 வாட்ஸ் போதும். மூடிய ஃபிட்டிங்கில் போடக்கூடாதுன்னு சில பெட்டியிலேயே எழுதியிருக்கும், படிங்க. கரண்ட் போனால் தானா எரியும் பேட்டரி பல்பை இந்தக் குழிக்குள் போடவே போடாதீங்க. பேட்டரிக்குச் சூடு ஆகாது.

ஒரு ஆடிட்டர் கண்ணில் 25,000 மணி நேரம் என்பது எஸ்டிமேட். வாரண்டி மட்டும்தான் கம்பெனி கையெழுத்துப் போட்ட கமிட்மெண்ட். அதனால (விலை + கூலி) ÷ வாரண்டி வருஷம் என்று போடுங்க. உதாரணமா ரூ.250 பேனல், கூலி ரூ.250, 1 வருஷ வாரண்டி: வருஷத்துக்கு ரூ.500. ரூ.400 பேனல், அதே கூலி, 2 வருஷ வாரண்டி: வருஷத்துக்கு ரூ.325. விலை கூடின பேனல்தான் மலிவு.

கடையில் என்ன பார்க்கணும்?

கீழராஜ வீதியில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இதைப் பாருங்க.

ஓட்டையின் அளவு: பழைய லைட்டைக் கழட்டி, சீலிங்கில் வெட்டியிருக்கும் ஓட்டையை மில்லிமீட்டரில் அளந்து குறிச்சுக்குங்க. ஒரே வாட்ஸாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கட்-அவுட் மாறும். சின்னதா வாங்கினால் கீழே விழும், பெருசா வாங்கினால் சீலிங்கை வெட்டணும்.

லூமென்: வெளிச்சத்தின் அளவு இதுதான். வாட்ஸ் என்பது கரண்ட் செலவு. லூமெனை வாட்ஸால் வகுத்துப் பாருங்க, 100-க்குக் கிட்டே அல்லது மேலே வந்தால் நல்லது.

கலர்: 3000 கெல்வின் மஞ்சள், 6500 பளீர் வெள்ளை. கிச்சனுக்கு நடுவில் உள்ள 4000 நல்லா இருக்கும். சிஆர்ஐ 80-க்குக் குறையக் கூடாது, 90 கிடைத்தால் இன்னும் நல்லது. கீரையில் பழுத்த இலை, மீனோட செவுள் நிறம் எல்லாம் சரியாத் தெரியணுமே!

பிஐஎஸ் ஆர் நம்பர்: எல்இடிக்கு இது கட்டாயம். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள்னு வந்துடும்.

வோல்டேஜ் ரேஞ்ச்: லோ வோல்டேஜ், ஹை வோல்டேஜ் தொல்லை உள்ள ஊரில் 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும், சர்ஜ் புரொடெக்‌ஷன் உள்ள டிரைவரா பாருங்க.

பில்: எல்இடிக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 18%. எம்ஆர்பியில் அது சேர்ந்தேதான் இருக்கு, மேலே தனியா கேட்க முடியாது. "பில் இல்லாம குறைச்சுத் தரேன்"னு சொன்னா, நீங்க வாரண்டியை விக்கிறீங்கன்னு அர்த்தம்.

விலையைக் கண்டு மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசு மொத்தமா வாங்கியதில், 2014-ல் ரூ.310 இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016-ல் ரூ.38-க்கு வந்தது. எல்இடி சிப் மலிவாகிடுச்சு. இன்னைக்கு நீங்க கூடுதலா கொடுக்கிற காசு நல்ல டிரைவருக்கும் சூட்டை வெளியேத்தும் அலுமினியத்துக்கும் போகணும். ரெண்டு பேனலைக் கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வாடகை வீடா? சொந்த வீடா?

வாடகை வீடுன்னா, ஒப்பந்தத்தில் லைட் பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க. டிரைவர் மாத்துற அளவுக்குச் செலவு பண்ணுங்க. டிரான்ஸ்ஃபார்மர், ஹோல்டர், வயரிங்னு போனால் ஓனரிடம் வாட்ஸ்ஆப்பில் சொல்லி, சம்மதம் வாங்கிட்டுச் செய்யுங்க. நீங்க வாங்கின நல்ல லைட்டுக்குப் பழையதைப் பரணில் பத்திரமா வைத்தால், காலி பண்ணும்போது உங்க லைட் உங்களோடு வரும்.

சொந்த வீடு கட்டுறீங்கன்னா, எல்லா ரூமிலும் ஒரே கட்-அவுட் அளவு வைங்க. டிரைவர் தனியா கழட்டுற மாதிரி கேளுங்க. சமைக்கிறவங்க முதுகுக்குப் பின்னாடி லைட் வைத்தால், எத்தனை வாட்ஸ் போட்டாலும் அவங்க நிழல் மேடை மேலதான் விழும். அம்மா அந்த நிழலில்தான் தினமும் வெங்காயம் நறுக்குவாங்க. மேடைக்கு நேர் மேலே ஒரு வரிசை, அல்லது பரணுக்கு அடியில் ஒரு சின்ன டியூப். பல வீட்டில் நாலு பேனலுக்குப் பதிலா இந்த ஒரு டியூபே போதும்.

இந்த வாரக் கடைசியில் கடைசி ஈபி பில்லை எடுத்து 500-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கீங்கன்னு பாருங்க. அப்புறம் ஒரு லைட்டைக் கழட்டி அது என்ன டைப், ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்னு ஃபோனில் ஃபோட்டோ எடுத்து வைங்க. லைட் போற அன்னைக்கு அவசரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்காது. அந்த மூவாயிரம் எஸ்ஐபிலேயே இருக்கட்டும்.