எதிரிக்காக உண்மை தேடுவோர்

குற்ற வழக்குகளிலே பொலிசார் சாட்சி தேடுவதை நாம் அறிவோம். குற்றஞ் சாட்டப்பட்டவருக்காகச் சாட்சி தேடுபவர் யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதனையே தொழிலாகக் கொண்டோர் உளர். எதிரியின் சட்டத்தரணிக்குத் துணையாக அலைந்து விசாரிக்கும் இவரை எதிர்த்தரப்புப் புலனாய்வாளர் எனலாம். வறியவர்களுக்காகப் பொதுச் செலவில் வழக்காடும் அலுவலகங்கள் பலவற்றில் இவர்கள் சம்பளத்திற்குப் பணிபுரிகின்றனர்.

சட்டத்தரணியே சென்று விசாரித்தால் என்ன? இன்று தம்மிடம் ஒன்றைக் கூறிய சாட்சி நாளை நீதிமன்றத்தில் வேறொன்றைக் கூறினால், முன்னர் கூறியதை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். தாமே வாதாடும் வழக்கிலே சட்டத்தரணி சாட்சிக்கூண்டில் ஏறுவது முறையன்று. ஆகவேதான் இந்த மூன்றாமவர் தேவைப்படுகிறார்.

இவர் படும் தொல்லைகளோ நாளாந்தம் வருபவை. பொலிசாருக்குரிய அதிகாரம் இவருக்கு இல்லை; கதவைத் தட்டலாம், திறக்கும்படி பணிக்க முடியாது. சிலர் இவரைப் பொலிசாரென்று எண்ணி ஒளிந்துகொள்வர். வேறு சிலர் குற்றவாளிக்குப் பரிந்து வந்தவரென்று முகத்தைத் திருப்புவர். தேடிச் சென்ற விலாசத்திலே ஆள் இருக்கமாட்டார். நாய் மட்டும் இருக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது காலதாமதமே. எதிரிக்குச் சாதகமான சான்றை அரச தரப்பு மறைத்தலாகாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1963ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆயினும், அது கைக்கு வருமுன் நாட்கள் பல கழிந்துவிடுவதுண்டு. இதற்கிடையில், தெருவோரக் கடையின் கமராவிலே பதிவான காட்சியின்மேல் புதிய காட்சி பதிந்து, பழையது அழிந்துபோகும். மனித நினைவும் அவ்வாறானதே. வகுப்பறைச் சண்டையை மூன்று நாட்கள் கழித்து விசாரித்த எந்த ஆசிரியருக்கும் இது புரியும்!

இவருக்குக் கைகொடுக்கும் சாதனங்கள் பெரும்பாலும் எவரும் பார்க்கக்கூடிய ஏடுகளே. பழைய வழக்குக் கோவைகள், காணிப் பதிவுகள், பழைய பத்திரிகைகள், வானிலைக் குறிப்புகள் ஆகியன அவற்றுட் சில. மத்திய அரசின் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை 1966ஆம் ஆண்டின் தகவற் சுதந்திரச் சட்டம் வழங்கிற்று. மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. ஏட்டின் வலிமையைக் காண விரும்புவோர் 1858ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தில் நடந்த கொலை வழக்கொன்றைப் பார்க்கலாம். உச்சியில் நின்ற நிலவின் ஒளியிலே கொலையைக் கண்டதாகச் சாட்சி உறுதியாகக் கூறினான். எதிரிக்காக வாதாடிய ஆபிரகாம் லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். அவ்வேளையில் நிலவு உச்சியிலன்று, மறையுந் தறுவாயில் இருந்தது. எதிரி விடுதலை பெற்றான்.

ஏட்டில் அகப்படாதவற்றை ஊருக்குள் நடந்துதான் அறியவேண்டும். புளோரிடாவில் 1961ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் கிளரன்ஸ் கிடியன் என்பவர் மீது வழக்கு. சட்டத்தரணி அமர்த்தப் பணமில்லை. தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அவர் அனுப்பிய விண்ணப்பத்தின் பேரில், பாரதூரமான குற்ற வழக்குகளில் வறியவர்க்கு மாநிலங்கள் சட்டத்தரணியை அமர்த்திக் கொடுக்கவேண்டுமென 1963ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில் அவருக்காக வந்த சட்டத்தரணி புலனாய்வாளரின் வேலையையும் தாமே செய்து, சாட்சிகளை முன்கூட்டியே தேடிச் சென்று பேசினார்.

அன்று கிடியனை ஏற்றிச்சென்ற வாடகைக் கார்ச் சாரதி, “என்னை ஏற்றியதை எவரிடமும் சொல்லாதே என்றார்” எனச் சாட்சியமளித்தார். கேட்டவர்க்கு இது கள்வனின் பேச்சாகவே தோன்றியிருக்கும். இதற்கு முன்னும் அவர் அப்படிச் சொன்னதுண்டா என்று சட்டத்தரணி வினவினார். ஏறும்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார், வீட்டிலே மனைவியுடன் தகராறு என்று விடை வந்தது. யூரிமார் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆலோசித்து அவரை விடுவித்தனர். அதற்குள் அவர் ஈராண்டுகளைச் சிறையிலே கழித்திருந்தார்.