திட்டக் குழு மக்களோடு பேசிய மூன்று விதம்

ஐந்தாண்டுத் திட்டங்களின் பொருளாதாரம் பற்றி நிறைய எழுதியாச்சு. அந்தத் திட்டங்களை மக்களிடம் எப்படிக் கொண்டுபோனாங்க என்பது பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. கொஞ்ச நாளா அதைத்தான் தேடிப் படிச்சிட்டிருக்கேன். படித்த வரையில் மூணு விதம் தெரியுது: மக்களுக்குச் சொல்வது, மக்களிடம் கேட்பது, மக்கள் பேசுவதற்கு வேண்டிய விவரத்தைக் கையில் கொடுப்பது. மூன்றாவதுதான் அரிது.

சொல்வது

மத்தியத் திட்டக் குழு 1950 மார்ச் 15 அன்று அமைச்சரவைத் தீர்மானம் மூலம் உருவானது. முதல் திட்டத்தின் இறுதி அறிக்கை 1952 டிசம்பரில் வந்தது. மக்கள் ஒத்துழைப்புக்கென்றே அதில் தனி அத்தியாயம் உண்டு. திட்டத்தை விளம்பரப்படுத்த 1953-ல் களப் பிரிவுகள் தொடங்கின. வண்டியில் புரொஜெக்டரோடு ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டது இந்தத் துறைதான். 1954-ல் பாட்டு, நாடகப் பிரிவு வந்தது. 1957 குடியரசு தினத்தன்று ‘யோஜனா’ பத்திரிகை தொடங்கியது. முதல் ஆசிரியர் குஷ்வந்த் சிங். அதன் தமிழ்ப் பதிப்புதான் ‘திட்டம்’. டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பத்திரிகை.

இதையெல்லாம் வெறும் பிரசாரம்னு தள்ளிவிட முடியாது. படிப்பறிவு மிகக் குறைவா இருந்த நாட்டில் அணை எதுக்கு, கூட்டுறவுச் சங்கம் எதுக்குன்னு யாராவது சொல்லித்தான் ஆகணும். ஆனால் எங்க மென்பொருள் வேலையில் சொல்வதானால் இது ரிலீஸ் நோட்ஸ் மாதிரி. முடிவெல்லாம் எடுத்தபிறகு வருவது.

கேட்பது

இதற்கும் பழைய உதாரணம் இருக்கு. முதல் திட்டத்தின் வரைவை 1951 ஜூலையிலேயே பொது விவாதத்துக்காக வெளியிட்டாங்க. 60 வருஷம் கழித்து, 12-வது திட்டத்துக்கு இணையதளம் வழியாகவும் கருத்துக் கேட்டாங்க. 2013 ஏப்ரலில் திட்டக் குழு ஒரு ஹேக்கத்தானே நடத்தியது. திட்ட ஆவணத்தைப் படமாக, குறும்படமாக, செயலியாக மாத்திக் கொடுங்கன்னு மாணவர்களைக் கூப்பிட்டது. அரசு அலுவலகம் அப்படி இறங்கிவந்தது எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனாலும் இணையம் இருக்கிறவங்க, ஆங்கில ஆவணம் படிக்கிறவங்கதான் அதில் கலந்துக்க முடியும்.

கையில் கொடுப்பது

1996 ஆகஸ்டில் கேரள மாநிலத் திட்ட வாரியம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குன்னு முதலிலேயே அறிவிச்சாங்க. பணம் உண்டுன்னு தெரிஞ்சா பேச்சின் தன்மையே மாறிடும்.

அதைவிட முக்கியம் தயாரிப்பு. கிராம சபையில் எல்லாரையும் ஒரே கூட்டமா உட்காரவைக்காம விவசாயம், குடிநீர், கல்வின்னு குழுக்களாகப் பிரிச்சாங்க. பேச்சை நடத்திக் கொடுக்க உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அப்படிப் பயிற்சி பெற்றவங்க ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்து ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் நிலம், நீர், மக்கள், வரலாறு எல்லாம் சேர்த்து ஒரு வளர்ச்சி அறிக்கை எழுதி அச்சிட்டது. அதை வைத்து விவாதிச்ச பிறகுதான் திட்டம்.

குறைகளும் இருந்தன. முதல் ஆண்டில் பெண்கள் வந்தது குறைவு. கட்சிச் சண்டைகளும் நடந்தன. ஆனாலும் திட்டம் எழுதுவதற்கு முன்னாலேயே தன் ஊரைப் பற்றிய விவரம் மக்கள் கையில் இருந்தது.

எங்க ஊர்ப் பக்கம்

நான் ஏரியூர்க்காரன். தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லைன்னா 1.5 வரை. நிறமில்லை, ருசியில் தெரியாது, கொதிக்க வச்சாலும் போகாது. பல்லில் கறை, பிறகு எலும்பில் பாதிப்புன்னு மெதுவாகத்தான் தெரியும்.

2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ன்னு இன்னொரு பாதி உண்டு. முதல் பாதிக்குக் குழாய் போதும். இரண்டாவது பாதிக்குப் பேச்சு வேணும். ஆத்துத் தண்ணி வராத நாளில் பழைய போர்வெல் தண்ணியைக் குடிக்கலாமா என்பதை வீட்டில் இருப்பவர்தான் முடிவு செய்யறார். அந்தப் போர்வெல்லின் அளவு தெரியாம அவர் எப்படி முடிவு செய்வார்? கிராம சபையில் எழுந்து எதைக் கேட்பார்?

தமிழ்நாட்டில் இப்போ வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பஞ்சாயத்து வளர்ச்சித் திட்டம் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஏறுது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்ந்தெடுத்தால் யாரும் பார்க்கலாம். ஆனால் அது எழுதி முடிச்ச திட்டம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ஊரின் தண்ணீர்ப் பரிசோதனை அளவுகளையும் போன வருஷச் செலவையும் ஒரே தாளில் தமிழில் அச்சடிச்சு ரேஷன் கடையில் ஒட்டினால் போதும். பெரிய செலவில்லை. என் கணக்கில், பத்து விளம்பரப் பலகையை விட அந்த ஒரு தாள் அதிக வேலை செய்யும்.