பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ரயர்க் காற்று எச்சரிக்கை



மோட்டார் வண்டியின் ரயருக்குள்ளே ஒரு வானொலி நிலையம் இருக்கின்றது என்று கூறினால் உங்களுட் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அது உண்மையே. கட்டைவிரலளவான ஒரு கருவி, றிம்மின் உட்புறத்தில், பெரும்பாலும் காற்றடிக்கும் வால்வின் அடியிலே பொருத்தப்பட்டிருக்கும். அது ரயரினுள்ளிருக்கும் காற்றின் அமுக்கத்தை அளந்து, அந்த அளவை வானொலி அலையாக அனுப்பும். அமெரிக்காவில் 315 மெகாஹேர்ட்ஸிலும் ஐரோப்பாவில் 433 மெகாஹேர்ட்ஸிலும் இவ்வொலிபரப்பு நடைபெறுவது வழக்கம். வண்டியிலுள்ள வாங்கி அதனைக் கேட்டு, அமுக்கம் குறைந்திருப்பின் சாரதியின் முன்னே ஒரு சிறு விளக்கை எரியச் செய்யும்.

இந்த விளக்கு எரியும்போது என்ன செய்யவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருபது, முப்பது ஆண்டு பழைமையான ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் அது எரியாதிருக்கும்போது எதனை நம்புவது என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி.

இவ்வேற்பாடு முதலிலே தோன்றியதும் ஸ்போர்ட்ஸ் காரில்தான். 1986ஆம் ஆண்டில் ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 959 என்னும் காரிலே இதனை அமைத்தது. மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய அந்த வண்டியின் மக்னீசியச் சக்கரங்களின் ஆரைகள் உள்ளீடற்றவை. ரயரின் காற்று ஆரைகளுக்குள்ளும் பரவியிருந்தது. ஆகவே ஆரையில் வெடிப்பு ஏற்பட்டாலுங்கூட அமுக்கம் குறைந்து எச்சரிக்கை கிடைத்தது. அமெரிக்காவில் செவ்ரொலே நிறுவனத்தின் கொர்வெற் காரில், 1989இல், விரும்பியவர்கள் மேலதிக விலை கொடுத்துப் பெறக்கூடிய வசதியாக இது வந்தது. 1997இல் வெளிவந்த ஐந்தாந் தலைமுறைக் கொர்வெற்றோ மாற்றுச் சக்கரமே இல்லாமல் விற்கப்பட்டது. காற்று முழுவதும் போன பின்னரும், மட்டான வேகத்தில், ஓரளவு தூரம் ஓடக்கூடிய ரயர்கள் அதிற் பூட்டப்பட்டிருந்தன.

இவ்வகை ரயரின் பக்கச்சுவர் மிகவும் விறைப்பானது. காற்றில்லாதபோதும் அது சப்பையாகத் தோன்றாது. சாரதியின் கைக்கும் பெரிதாக ஒன்றும் புலப்படாது. தனது ரயரில் காற்றில்லை என்பதை அறியாத ஒருவர் மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்திற் போய்க்கொண்டே இருப்பார். உள்ளே பக்கச்சுவர் சூடேறிச் சிதையத் தொடங்கியிருக்கும். எனவே இக்கார்களில் எச்சரிக்கைக் கருவி ஓர் ஆடம்பரமன்று. கண்ணும் கையும் அறியாததை அது ஒன்றே அறிவிக்கின்றது. அது செயலிழந்தால் அவ்விடத்தை நிரப்ப வேறொன்றும் வண்டியில் இல்லை.

அது செயலிழப்பதோ உறுதி. உணரிக்குள் இருக்கும் லிதியம் பற்றரி ஐந்து முதற் பத்து ஆண்டுகள் வரையே உழைக்கும். நீர் புகாதபடி பிசின் ஊற்றி அடைத்திருப்பதால், பற்றரியை மாத்திரம் மாற்ற இயலாது; உணரியையே மாற்றவேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் பலர், "எனது கார் இருபதாயிரம் மைல்கூட ஓடவில்லை" என்று பெருமை பேசுவர். பற்றரி மைல்களைக் கணக்கிடுவதில்லை. வண்டி கராஜில் உறங்கினாலும் அதன் ஆயுள் கழிந்துகொண்டே இருக்கும். கடற்கரை ஊர்களிலும், குளிர்காலத்திற் பனியைக் கரைக்க வீதியில் உப்புத் தூவும் நாடுகளிலும் வேறொரு கேடும் உண்டு. உணரியோடு சேர்ந்த வால்வுத் தண்டு அலுமினியத்தால் ஆனது. அதனுள்ளே, நிக்கல் பூசிய ஊசிக்குப் பதிலாகச் சாதாரண பித்தளை ஊசியை யாராவது பொருத்திவிட்டால், இரு உலோகங்களும் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும். பின்னர் காற்றடிக்க முயலும்போது தண்டே முறிந்து வருவதுண்டு.

மேலை நாடுகளிற் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் குளிர்காலம் முழுவதும் மூடிவைக்கப்படுகின்றன. நல்ல ரயரிலும் மாதந்தோறும் ஓர் இறாத்தல் அளவு அமுக்கம் தானாகக் குறையும். வெப்பநிலை பத்துப் பாகை பரனைற்று இறங்கினால் மேலும் ஓர் இறாத்தல் குறையும். வசந்தத்தில் வண்டியை வெளியே எடுக்கும்போது, சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் இருக்கவேண்டிய ரயரில் 25 இறாத்தலே இருக்கலாம். ஆனால், பற்றரியைச் சேமிப்பதற்காக, சக்கரம் சுழலாதபோது உணரியும் உறங்குமாறு அமைத்திருக்கின்றார்கள். வண்டி வீதிக்கு வந்து சற்று வேகமாக ஓடிய பின்னரே அது விழித்துப் பேசும்.

விழித்தாலும் பேசுமா? 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் 65 இலட்சம் வரை மீளப் பெறப்பட்டன; அவை சிதைந்ததால் ஏற்பட்ட விபத்துகளில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அவ்வாண்டு நவம்பரிற் பிறந்த சட்டத்தின் வழியாக, 2007 செப்டெம்பர் முதல் அங்கு விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் இவ்வெச்சரிக்கை கட்டாயமாயிற்று. அவ்விதி கேட்பது, உரிய அமுக்கத்தில் 25 வீதம் குறைந்ததும் விளக்கு எரியவேண்டும் என்பதே. 32 இறாத்தலுக்கு உரிய ரயர் 24க்கு இறங்கும்வரை சட்டப்படி அது மௌனமாக இருக்கலாம். மேற்சொன்ன 25 இறாத்தல் அதன் கணக்கில் நலமே. எனினும் அவ்விதியில் ஒரு நன்மை உண்டு. கருவியே பழுதானால் விளக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை சிமிட்டி, பின் நிலையாக எரியவேண்டும். அதற்கு முந்திய கார்களுக்கு அக்கட்டாயம் இல்லை. சில கார்கள் பழுதை அறிவிக்கும், சில அறிவிக்கா.

உணரியே இல்லாத மற்றொரு முறையும் உண்டு. காற்றுக் குறைந்த சக்கரத்தின் ஆரம் சற்றுச் சுருங்குவதால் அது மற்றவற்றிலும் விரைவாகச் சுழலும். பிரேக் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளும். பற்றரி இல்லாமையால் இது நீண்டகாலம் உழைக்கும். ஆயினும் முற்காலத்தில் வந்த இவ்வகை அமைப்புகள் ஒரு சக்கரத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டே அறிவன; நான்கும் ஒருமிக்கக் குறைந்தால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. குளிர்கால உறக்கத்தில் நிகழ்வது சரியாக அதுவே! அந்நிலையிற் சாரதி மீளமைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால், குறைந்த அமுக்கத்தையே சரியானதென்று அது கற்றுக்கொள்ளும்.

மனிதர் செய்யும் சூழ்ச்சியையும் சொல்லவேண்டும். ஓயாமல் எரியும் விளக்கைப் பொறுக்கமாட்டாத சிலர், நான்கு உணரிகளையும் கழற்றி, ஒரு பிளாஸ்ரிக் குழாயில் இட்டுக் காற்றடைத்து, டிக்கிக்குள் வைத்துவிடுகின்றனர். வாங்கி திருப்தியடைகின்றது, ரயரை யாரும் கவனிப்பதில்லை. இத்தகைய காரை இரண்டாங் கையாக வாங்குபவரின் நிலை இரங்கத்தக்கது.

இன்னுமொன்று. எந்த உணரியும் இறப்பரின் வயதை அறியாது. 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் போல் வோக்கர் உயிரிழந்த விபத்தில், மிகையான வேகமே காரணமென்று விசாரணையாளர் கூறினர். அந்தப் போர்ஷே காரின் ரயர்கள் ஒன்பது ஆண்டு பழைமையானவை என்பதையும் எடுத்துக்காட்டினர். ரயரின் பக்கத்திற் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத் தொகுதியின் கடைசி நான்கு எண்கள், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2304 என்றிருந்தால் 2004ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

பழைய காரின் உணரிகளைச் சோதிப்பது கடினமன்று. ஆளரவமற்ற இடத்தில், ஒரு ரயரின் காற்றை எச்சரிக்கை எல்லைக்குச் சற்றுக் கீழே இறக்கி, மெதுவாகச் சில நிமிடங்கள் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அந்த ஒரு உணரி உயிரோடிருக்கின்றது. மற்ற மூன்றையும் தனித்தனியே சோதிக்கவேண்டும். எரியாவிடில், அடுத்த முறை ரயர் மாற்றும்போது நான்கு உணரிகளையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். ரயரைக் கழற்றும் கூலி ஒருமுறையோடு போகும். அதுவரை, வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ரயர் குளிர்ந்திருக்கும்போது, கைக்கடக்கமான அமுக்கமானி ஒன்றினால் வாரந்தோறும் அளந்து வாருங்கள்.