அலைவுகாட்டியும் செருகு பெருக்கியும்

கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் கண்ணால் காண இயலாது. அதன் அழுத்தம் கணந்தோறும் ஏறி இறங்கும் பாங்கினை ஒளிக்கோடாகத் திரையில் வரைந்து காட்டும் கருவியே ஆஸிலாஸ்கோப். தமிழில் அதனை அலைவுகாட்டி என்போம். வால்வுகளால் இயங்கிய பழைய அலைவுகாட்டிகளில் 'செருகு பெருக்கி' என்றொரு பகுதி இருந்தது. அது ஏன் தோன்றிற்று, அது நமக்குக் கற்பிப்பது யாது என்பவற்றை நேயர்களுக்கு இன்று விளக்க விரும்புகிறேன்.

அலைவுகாட்டியின் கதிர்க்குழலில் எலெக்ட்ரான் கற்றையொன்று திரையைத் தாக்கி ஒளிப்புள்ளியை உண்டாக்குகிறது. ஓர் இணைத் தகடுகள் அப்புள்ளியை இடமிருந்து வலமாக ஒரே சீராக நகர்த்துகின்றன. மற்றோர் இணை, நாம் ஆராயும் மின்குறிக்கு ஏற்ப அதனை மேலும் கீழும் அசைக்கிறது. கற்றையை நன்கு அசைக்கப் பல வோல்ட் அழுத்தம் வேண்டும். நாம் ஆராயும் குறியோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். ஆகவே இடையில் பெருக்கி இன்றியமையாததாகிறது.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் ஆனோடு மின்னோட்டம் 5 மில்லியாம்பியர் மாறும் வால்வு ஒன்றைக் கொள்வோம். ஆனோடில் 1,000 ஓம் தடையை வைத்தால் அது குறியை 5 மடங்கு பெருக்கும். 10,000 ஓம் வைத்தால் 50 மடங்கு பெருக்கும். அவ்வாறாயின் பெரிய தடையையே வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் வால்வின் உறுப்புகளுக்கும் கம்பிகளுக்கும் இயல்பாகவே சிறிதளவு மின்தேக்குதிறன் உண்டு. அது 16 பைக்கோ ஃபாரட் என்றால், சிறிய தடையுடன் 10 மெகாசைக்கிள் வரை தாங்கிய பெருக்கி, பெரிய தடையுடன் 1 மெகாசைக்கிளிலேயே தளர்ந்துவிடும். பெருக்கம் பத்து மடங்கானால் வேகம் பத்தில் ஒன்றாகும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் வேண்டும்.

பள்ளியில் பௌதிகம் கற்பித்த நாளில் இதற்கு நான் நுண்ணோக்கியை உவமை காட்டுவதுண்டு. ஆற்றல் மிக்க வில்லையைப் பொருத்தினால் உருவம் பெரிதாகும்; காணும் பரப்போ சுருங்கும். அதற்காக யாரும் வேறொரு நுண்ணோக்கி வாங்குவதில்லை. வில்லையை மட்டும் மாற்றிக்கொள்கிறோம்.

இம்முறையையே டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார் மேற்கொண்டனர். ஹோவர்ட் வால்லம், ஜாக் முர்டாக் முதலியோர் 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் தொடங்கிய நிறுவனம் அது. 1954இல் வெளிவந்த அவர்களுடைய 531, 535 எண் கருவிகளில் கதிர்க்குழல், புள்ளியை நகர்த்தும் சுற்று, மின்வழங்கி ஆகியவை தாய்க்கருவியிலேயே அமைந்திருந்தன. குறியை முதலில் எதிர்கொள்ளும் பெருக்கி மட்டும் தனிப் பெட்டியாகி, முகப்பிலுள்ள அறையில் செருகப்பட்டது. பின்புறத்து 16 முனை இணைப்பான் வழியே அதற்கு மின்சாரம் கிடைத்தது.

பெட்டிகள் பலவகை. 'கே' வகை, 540 வரிசைக் கருவியில் செருகப்பட்டால் 30 மெகாசைக்கிள் வரை காட்டும். ஆனால் கோடு ஒரு சென்டிமீட்டர் உயரக் குறைந்தது 50 மில்லிவோல்ட் வேண்டும். 'ஈ' வகைக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மைக்ரோவோல்ட், போதும். ஆனால் அதன் எல்லை சில பதினாயிரம் சைக்கிள்களே. உடலின் நரம்புகளில் எழும் நுண்ணிய மின்துடிப்பு போன்றவற்றுக்கு அத்தகைய பெட்டி உகந்தது. அது இரு முனைகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்குவதால், சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து இரு முனைகளிலும் ஒருசேரப் புகும் இரைச்சல் பெரும்பாலும் நீங்கிவிடும். 'சீஏ' வகை இரு குறிகளை மாறி மாறித் தந்து, ஒரே கற்றையால் இரண்டு கோடுகளை வரையச் செய்யும்.

இதிலிருந்து தெளிய வேண்டியது ஒன்றுண்டு. விரைந்து எழும் சதுரத் துடிப்பை மந்தமான பெட்டியின் வழியே பார்த்தால், திரையில் முனை மழுங்கிய மேடே தோன்றும். உண்மையை உணராதவர், குறையற்ற தம் சுற்றினைப் பழுதென்று எண்ணிப் பிரித்துப் போடுவார். அன்றி, மெய்யாகவே உள்ள நுண்ணிய அதிர்வு திரையில் தோன்றாமற் போக, பழுதுள்ள சுற்றினை நன்றென்று நம்பிவிடுவார். இரண்டும் கேடே. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்னும் பழமொழி இங்கும் பொருந்துகிறது.

1969இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் 7000 வரிசையில் பெருக்கிகள் டிரான்சிஸ்டர்களால் இயங்கின. வால்வு போயிற்று, செருகும் முறை நிலைத்தது. பழைய பெட்டிகளை இன்றும் பேணுவோர் உளர். அவர்கள் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. உள்ளேயுள்ள பீங்கான் பட்டைகளின் பிளவுகளில் வெள்ளி பூசப்பட்டுள்ளது. சாதாரண ஈயப்பற்று அவ்வெள்ளியைக் கரைத்துவிடும். ஆதலால் வெள்ளி கலந்த பற்றையே வைத்தல் வேண்டும். அதற்கென்றே ஒரு சிறு சுருளைத் தாய்க்கருவிக்குள் வைத்து அனுப்பினர். பின்னாளில் பழுதுபார்ப்பவனையும் எண்ணிச் செய்த வேலை அது! இரண்டாவது, கதிர்க்குழலுக்குச் செல்லும் அழுத்தம் 10,000 வோல்ட். பயிற்சியில்லாதவர் தாய்க்கருவியைத் திறத்தல் ஆபத்து.

இக்காலத்து அலைவுகாட்டிகள் எண்முறையில் இயங்குகின்றன; திரையில் எல்லாம் துலக்கமாகத் தெரிகின்றன. எனினும் அவற்றின் முகப்பிலும் ஒரு பெருக்கி உண்டு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய கருவியில் அவ்வெல்லை கையால் எடுத்துச் செருகும் பெட்டியாகக் கண்முன் நின்றது. இன்று அது உள்ளே மறைந்திருக்கிறது. ஆதலின், அளவிடும் மாணவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "திரையில் என்ன தெரிகிறது?" என்பதன்று, "இக்கருவியால் எதைக் காட்ட இயலும்?" என்பதேயாகும்.